நடந்த வழியில் வேலி போட்டால்?

கேள்வி: ‘‘காலையில் நடக்கப் போகும் நாங்கள் ஏழெட்டுப் பேர் சேர்ந்து, வயலுக்குப் போகும் பழைய வண்டிப்பாதையில் மண்டிக்கிடந்த சீமைக்கருவேலத்தை வெட்டிச் சுத்தம் செய்தோம். டூவீலர் போகிற அளவுக்கு வழி திறந்த நேரத்தில், பக்கத்து நிலத்தை வாங்கியவர் குறுக்கே கல்கால் நட்டுக் கம்பி வேலி போட்டுவிட்டார். மாடு ஓட்டிப்போகவும் வழி இல்லை. என்ன செய்யலாம்?’’
- வாசகர், கோவளம்.

பதில்: முள் வெட்டிய கைகளுக்கு முதலில் பாராட்டு. ஆனால், அதே அரிவாளோடு வேலியில் கை வைத்துவிடாதீர்கள். வழக்கு உங்கள் மேல் திரும்பிவிடும்.

அந்தப் பாதை காகிதத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். தமிழக அரசின் ‘எங்கிருந்தும் எந்நேரமும்’ இணையதளத்தில் அ-பதிவேடும் புலப்படமும் கிடைக்கும். வண்டிப்பாதைப் புறம்போக்கு என்று பதிவாகியிருந்தால் பாதி வேலை முடிந்தது. புல எண்ணைக் குறிப்பிட்டு, அளந்து காட்டவும் ஆக்கிரமிப்பை அகற்றவும் கேட்டு தாசில்தாருக்கு மனு கொடுங்கள். 1905-ம் ஆண்டின் நில ஆக்கிரமிப்புச் சட்டம் இதற்குத்தான் இருக்கிறது. கிராம சபையில் தீர்மானமும் போட்டுவிடுங்கள். ஊரே கேட்கிறது என்றால் மனுவுக்குக் கனம் கூடும்.

பாதை பட்டா நிலத்தில் போகிறது என்றால் கதை வேறு. உங்கள் பழைய பத்திரத்தில் நான்கெல்லை விவரத்தைப் படியுங்கள். ‘வண்டிப்பாதைக்குக் கிழக்கு’ என்பது போல ஒரு வரி இருந்தாலே பெரிய சாட்சி. 1882-ம் ஆண்டின் வசதியுரிமைச் சட்டப்படி, 20 ஆண்டுகள் தடையில்லாமல், வெளிப்படையாக, உரிமையோடு ஒரு வழியைப் பயன்படுத்தியவர் அதைக் கோரலாம். ‘போய்க்கொள்ளப்பா’ என்று உரிமையாளர் அனுமதி கொடுத்து நடந்த வழி இதில் சேராது. பலர் கோட்டைவிடுவது இங்கேதான். ஒரே நிலம் பாகப்பிரிவினையிலோ கிரயத்திலோ இரண்டாகி, உங்கள் துண்டுக்கு வேறு வழியே இல்லை என்றால் 20 ஆண்டுக் கணக்கும் வேண்டாம்.

இன்னொன்று. இந்தச் சட்டம் நிலத்துக்காக வழி கேட்பது. நடைப்பயிற்சிக்கு மட்டும் வருகிறவர் இதை வைத்துக் கேட்க முடியாது. அதனால், உள்ளே வயல் இருப்பவர்களை முன்னால் நிறுத்துங்கள்.

இங்கிலாந்தில் வயல் நடுவே போகும் பொது நடைபாதைகள் அரசு வரைபடத்தில் பதிவாகி இருக்கின்றன. அப்படிப்பட்ட பாதையை விவசாயி உழுதால், பொதுவாக 14 நாளுக்குள் திரும்ப நடக்கும்படி ஆக்கித்தர வேண்டும். புதர் வெட்டுவதற்கு உங்களைப் போன்ற நடையாளர் குழுக்கள் வருகின்றன. நம் ஊரில் பாதையை நினைவில் வைத்திருப்பது பெரியவர்கள்தான். மாட்டுவண்டி ஓட்டிய இரண்டு மூன்று பேரிடம் பேசி, யார், எந்த வருஷம் முதல் போனார்கள் என்று எழுதி வாங்குங்கள்.

வேலி போட்ட தேதியையும் இன்றே குறித்து வையுங்கள், படமும் எடுங்கள். 20 ஆண்டுப் பயன்பாட்டைக் காட்டிக் கோருவதானால், வழி தடைபட்ட இரண்டு ஆண்டுக்குள் நீதிமன்றம் போயிருக்க வேண்டும். தாசில்தார் அலுவலகத்துக்கு நடப்பதிலேயே அந்தக் காலம் கரைந்துவிடக் கூடாது.