பொழுதும் பயனும்: திருடன் என்னும் பெயர்

நமது சங்கத்தைச் சேர்ந்த சகோதரியார் ஒருவர் இப்பகுதிக்கு எழுதியுள்ள கடிதத்தின் சாரம் பின்வருமாறு: “பதினோராம் வகுப்பில் பயிலும் என் மகன், விடுமுறை இரவுகளில் கணினியில் ஒரு மாயாலோக விளையாட்டை ஆடுகிறான். போர்வீரன், மந்திரவாதி, வைத்தியன் எனப் பல வேடங்கள் அதில் இருக்க, அவன் தேர்ந்துகொண்டதோ திருடன் வேடம். ஞாயிறுதோறும் சங்கத்துத் தமிழ் வகுப்பில் கள்ளாமை அதிகாரத்தை ஒப்பிக்கும் பிள்ளை, வீட்டிற்கு வந்து பூட்டுத் திறக்கவும், பின்புறமாய் ஒளிந்து வந்து குத்தவும் பழகலாமா? இதனைத் தடுப்பதா, விடுவதா?”

கேள்வி நியாயமானதே. இருப்புப்பாதைச் சரக்கு அலுவலகத்தில் எழுத்தராய் இருக்கும் நானும், பணி முடிந்த இரவுகளில் அதே விளையாட்டில் அதே வேடத்தைச் சில ஆண்டுகளாகத் தாங்கி வருகிறேன். ஆகையால், ‘தடுத்துவிடுங்கள்’ என்றோ ‘விட்டுவிடுங்கள்’ என்றோ ஒரு வரியில் விடையிறுத்து ஒதுங்க மனம் ஒப்பவில்லை. அவ்வேடம் எத்தகையது, களவு என்பது அதில் எங்கே இருக்கிறது, எங்கே இல்லை என்பதைச் சற்று விரிவாகவே கூற விரும்புகிறேன்.

விளையாட்டின் பெயர் ‘வேர்ல்டு ஆஃப் வார்கிராஃப்ட்’. அமெரிக்க நாட்டின் பிளிஸார்டு நிறுவனத்தார் 2004-ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில் இதனை வெளியிட்டனர். இணையத்தின் வழியே ஆயிரக்கணக்கானோர் ஒரே காலத்தில் ஒரே கற்பனை உலகிற் புகுந்து, கூட்டாகச் சேர்ந்து குகைகளையும் கோட்டைகளையும் வெல்வது இதன் இயல்பு. 2010-ஆம் ஆண்டில் இதன் சந்தாதாரர் தொகை 1 கோடியே 20 லட்சத்தை எட்டியது. தொடக்க கால அமைப்பையே விரும்பியோர்க்காக, 2019-ஆம் ஆண்டில் ‘கிளாசிக்’ என்னும் பெயரில் பழைய வடிவம் மீண்டும் வெளிவந்தது. நான் ஆடுவது அதுவே. கீழே கூறுவனவும் அவ்வடிவத்தைப் பற்றியனவே.

இதில் ‘ரோக்’ என்பது ஒரு வகுப்பு. ஆங்கிலத்தில் அச்சொல்லுக்குப் போக்கிரி, எத்தன் என்றெல்லாம் பொருள். எனினும் இவ்வேடம் நேற்றுப் பிறந்ததன்று. 1937-ஆம் ஆண்டில் டோல்கீன் என்னும் ஆங்கில ஆசிரியர் எழுதிய ‘தி ஹாபிட்’ கதையில், டிராகன் கவர்ந்த செல்வத்தை மீட்கப் புறப்படும் குள்ளர் கூட்டம், பில்போ என்னும் சிற்றுருவினனைத் திருடனாகவே அமர்த்திக்கொள்கிறது. வாளின் வலிமையைக் காட்டிலும், ஓசையற்ற நடையும் மறைந்து நிற்கும் ஆற்றலுமே அவன் தன் தோழரைச் சிறையினின்று மீட்க உதவுகின்றன. 1974-ஆம் ஆண்டில் பகடையும் தாளும் கொண்டு ஆடும் ‘டஞ்சன்ஸ் அண்டு டிராகன்ஸ்’ வெளிவந்தபோது, அதில் போர்வீரன், மந்திரவாதி, சமயகுரு என்னும் மூன்று வகுப்புகளே இருந்தன. அடுத்த ஆண்டில் வந்த ‘கிரேஹாக்’ என்னும் துணைநூல் திருடன் வகுப்பைச் சேர்த்தது. வலிமையால் திறவாத கதவுகள் உலகில் உண்டு என்பதை அவ்விளையாட்டு அன்றே ஒப்புக்கொண்டது எனலாம். அவ்வழியே வந்தவனே இன்றைய கணினி விளையாட்டின் ரோக்.

இக்கருத்து நமக்கும் அந்நியமானதன்று. கள்ளாமைக்கு ஓர் அதிகாரம் வகுத்த வள்ளுவரே, ஒற்றாடலுக்கும் ஓர் அதிகாரம் வகுத்திருக்கிறார். பிறர் பொருளைக் கவர்வது வேறு. தன்னை நம்பியோர் பொருட்டு மறைந்து சென்று நிலைமை அறிந்து வருவது வேறு. முன்னதை விலக்கிய பெருமகனார், பின்னதை அரசியலின் உறுப்பாகவே வைத்தார். சகோதரியாரின் மகன் பழகுவது இவ்விரண்டில் எது என்பதே நாம் ஆராய வேண்டிய செய்தி.

இனி ஆட்டத்தின் முறையைப் பார்ப்போம். ரோக்கின் முதல் வித்தை மறைவு. அந்நிலையில் அவன் பகைவர் கண்ணுக்கு எளிதில் தோன்றான். ஆனால் அவனது நடை தளர்ந்துவிடும். மறைவும் முழுமையானதன்று. பகைவனின் முகத்துக்கு நேரே சென்றாலோ, மிக நெருங்கினாலோ, தன்னினும் உயர்ந்த படியில் உள்ளவனிடம் சென்றாலோ அகப்பட்டுக்கொள்வான். ஆதலால், காவலன் எத்திசையில் நடக்கிறான், எவ்விடத்தில் திரும்புகிறான் என்பதைச் சுவரோரமாய் நின்று பலமுறை எண்ணிப் பார்த்த பின்னரே அடியெடுத்து வைத்தல் வேண்டும். புதிதாய் ஆடுவோர் பலருக்கு இப்பொறுமை வருவதில்லை. ஓடுவர், அகப்படுவர், மாள்வர்.

இரண்டாவது, அவனது ஆற்றற் கணக்கு. எழுத்தர் வேலை பார்ப்போர்க்கு இது எளிதில் விளங்கும். அவனது கையிருப்பு 100 அலகு. பின்புறத்திலிருந்து கட்டாரியால் ஒரு குத்துக் குத்த 60 அலகு செலவு. ஊறிவருவதோ இரண்டு நொடிக்கு 20 அலகு. ஆகவே, கண்டபடி கையை வீசுபவன் வேண்டிய வேளையில் வெறுங்கையனாய் நிற்பான். ஒவ்வோர் அடிக்கும் ஒரு புள்ளி சேரும். ஐந்து வரை சேர்த்து, முடிவடிக்கு அவற்றைச் செலவிடலாம். நடுவில் மனம் மாறி வேறொரு பகைவனைத் தாக்கினாலோ, சேர்த்த புள்ளிகள் அழிந்துபோம். தொடங்கியதை முடித்தல், வருவாய்க்கேற்பச் செலவிடுதல் ஆகிய இரண்டையும் அறநெறிப் பாடமாய்ச் சொல்லாமல் ஆட்டமே கற்பிக்கிறது.

குகைக்குள் ஐவர் கூடிச் செல்வர். ஒருவர் முன்னின்று அடி தாங்குவார்; ஒருவர் புண் ஆற்றுவார்; மற்ற மூவர் பகைவரைத் தாக்குவர். ரோக் அணிவது தோலாடை. இரும்புக் கவசம் அன்று. பகைவன் அவன்பால் திரும்பினால் நெடுநேரம் தாங்கமாட்டான். போர் தொடங்குமுன் அவனே தனித்து முன்சென்று, காவலருள் ஒருவனைத் தலையில் அடித்து மயக்குவான். உயர்ந்த படியில் அம்மயக்கம் 45 நொடி நிற்கும். அடித்த கையோடு தானே வெளிப்பட்டுவிடும் ஆபத்தும் அதில் உண்டு. மயங்கியவன்மேல் தோழர் எவரேனும் கைதவறி ஓர் அடி போட்டாலும் அவன் விழித்துக்கொள்வான். ஆதலால், ஐவரும் ஒருவர் கையை ஒருவர் அறிந்து நடக்க வேண்டியிருக்கிறது. அனைத்தும் நல்லபடி நிகழ்ந்தால் ரோக் செய்தது எதுவும் எவர் கண்ணுக்கும் தெரியாது. மூவரோடு பொருதிருக்க வேண்டிய இடத்தில் இருவரோடு பொருதோம் என்பது மட்டுமே மிச்சம்.

கூட்டம் பெரிதானால் பொறுப்பும் பெரிது. 2005-ஆம் ஆண்டில் சேர்க்கப்பட்ட ‘பிளாக்விங் லேர்’ என்னும் கோட்டையில் 40 பேர் ஒன்றாய்ப் புகுவர். அங்கே ஒரு கூடத்தில், வருவோரின் நடையையும் கைவேகத்தையும் மந்தப்படுத்தும் பொறிகள் வரிசையாய் உள்ளன. சிறு டிராகன்கள் ஓயாது தோன்றித் தாக்கும். ரோக்குகள் மறைந்து முன்சென்று அப்பொறிகளைச் செயலிழக்கச் செய்தாலன்றிக் கூட்டம் தடையின்றி நடக்க இயலாது. பொறிகளோ சிறிது நேரத்தில் மீண்டும் உயிர்பெறும். போரின் ஆரவாரத்தில் கலந்துகொள்ளாமல், நிலையத்தில் சைகைக் கம்பத்தைக் கவனிப்பவர்போல் ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்யும் இரண்டு மூன்று பேரை நம்பி ஏனையோர் அனைவரும் நடக்கின்றனர்.

அப்படியாயின் களவே இல்லையா என்று கேட்கலாம். உண்டு. மனித உருவான பகைவரின் சட்டைப் பையிலிருந்து காசு எடுக்கும் வித்தை ரோக்குக்கு உண்டு. ஆனால், அது கணினி இயக்கும் பகைவரிடம் மட்டுமே செல்லும். உடன் ஆடும் மனிதர் ஒருவரின் பையிலிருந்து ஒரு செப்புக்காசு எடுக்கவும் விளையாட்டின் சட்டம் இடந்தராது. அதற்கு மாறான ஒரு காட்சியை நகரத்துச் சதுக்கங்களில் காணலாம். பூட்டிய பெட்டிகள் கிடைக்கப்பெற்றவர்கள், திறக்க வழியின்றி ரோக்குகளைத் தேடி வருவார்கள். கொடுக்கல் வாங்கல் பலகையில் அதற்கெனவே ஓர் அறை உண்டு. அதில் வைத்த பொருள் கைமாறாது; ரோக் பூட்டை மட்டும் திறந்துவிடுவான். சிலர் அன்பளிப்பாய்ச் சில காசு தருவர். பலர் நன்றி கூறிச் செல்வர். திருடன் என்று பெயர் பெற்றவனிடம் ஊரார் தம் பெட்டிகளைக் கொண்டுவந்து நீட்டும் விந்தை இது!

ஆனால், அன்பர்களே, மெய்யான களவும் அவ்வுலகில் நடக்கத்தான் செய்கிறது. அது ரோக்கின் வித்தைப் பட்டியலில் இல்லை. தலைமைப் பகைவன் மாண்டபின் அரிய பொருள் ஒன்று கிடைத்தால், ஐவர் திரையிலும் ‘தேவை’, ‘விருப்பம்’ என்னும் பொத்தான்கள் தோன்றும். மெய்யாகவே பயன்படுத்துவோர் ‘தேவை’ என்பதையும், விற்றுக் காசாக்க நினைப்போர் ‘விருப்பம்’ என்பதையும் அழுத்துவது மரபு. தேவை என்றவர்களுக்கே முதலுரிமை. ஒருநாள் இரவு, பல வாரங்களாக நான் நாடியிருந்த கட்டாரி ஒன்று கிடைத்தது. எங்கள் கூட்டத்தில் கட்டாரி ஏந்துபவன் நான் ஒருவனே. எனினும் ‘தேவை’ என்று அழுத்தி அதனைக் கொண்டுசென்றவர் ஒரு பாலடின். அதாவது, அறத்தைக் காப்பதாய்ச் சபதம் ஏற்ற வீரர் வகுப்பினர். அவ்வகுப்பினர் கட்டாரியைக் கையால் எடுத்து வீசவும் இயலாது. விற்றால் கிடைப்பதோ சில வெள்ளிக்காசு. அடுத்த நொடியில் அவர் கூட்டத்தை விட்டே மறைந்துபோனார். மறையும் வித்தை என்னிடம் இருந்தது; மறைந்தவரோ அவர்!

வேடத்தின் பெயரைக் கண்டு குணத்தை அளத்தல் தவறு என்பதை அன்று கண்ணாரக் கண்டேன். பிள்ளை திருடன் வேடம் தாங்குகிறானா, தர்மவீரன் வேடம் தாங்குகிறானா என்பது பொருட்டன்று. பங்கிடும் வேளையில் எந்தப் பொத்தானை அழுத்துகிறான் என்பதே பொருட்டு.

மற்றொன்றும் கூறவேண்டும். ஆட்டக்காரர் ஒருவரையொருவர் தாக்க இடந்தரும் தளங்களில், ‘ஸ்டிராங்கிள்தார்ன்’ என்றொரு காடு பெயர்பெற்றது. முப்பதாம் படியில் உள்ள புதியவர்கள் தம் பணியைப் பார்த்துக்கொண்டிருக்க, அறுபதாம் படியை எட்டிய ரோக்குகள் சிலர் மறைந்து வந்து அவர்களை வீழ்த்துவர். உயிர்த்தெழுந்தால் காத்திருந்து மறுபடியும் வீழ்த்துவர். சட்டப்படி இது குற்றமன்று, பரிசும் கிடையாது. மெலியாரை அலைக்கழிப்பதில் உள்ள இன்பம் ஒன்றே அவர்கள் பெறும் கூலி. மறைந்து நிற்கும் ஆற்றல் எவரைக் காக்கவும் பயன்படலாம். எவரைத் துன்புறுத்தவும் பயன்படலாம். ஆற்றல் ஒன்றே, அதை ஏந்தும் மனம் இரண்டு.

கடைசியாக, வீட்டைப் பற்றிய செய்தி. பிழைப்பின் நிமித்தம் வேற்றூரில் குடியேறிய நம் இல்லங்களில், பிள்ளைகள் பள்ளியில் ஒரு மொழியும் வீட்டில் ஒரு மொழியும் பேசுகின்றனர். வகுப்பில் உச்சரிப்பைக் கேட்டு நகைப்போர் சிலர் இருக்கவே செய்வர். கூட்டத்தில் கண்ணிற்படாமல் நிற்க விழையும் பிள்ளைக்கு, மறைவதையே பெருமையாக்கித் தரும் வேடம் இனிப்பது இயல்பு. அதில் ஆறுதல் உண்டு; ஆபத்தும் உண்டு. விளையாட்டில் பழகிய மறைவு, வீட்டிலும் பழக்கமாகிவிடுதல் கூடாது. நள்ளிரவில் காலடி ஓசை கேட்டதும் திரையை மூடுவது, ஆடிய நேரத்தைக் குறைத்துச் சொல்வது, மாதச் சந்தாவுக்குப் பணம் எங்கிருந்து வந்தது என்பதை மறைப்பது ஆகியவை தோன்றினால், அப்போது கவலைப்படுவது முறையே. ஆட்டத்தில் தேவையற்ற பொருளுக்கு ‘தேவை’ என்று அழுத்துவதும், வீட்டில் உறங்கவேண்டிய நேரத்தைக் கவர்வதும் ஒரே இனத்தைச் சேர்ந்தவை.

ஆகவே சகோதரியாருக்கு என் விடை இதுதான்: வேடத்தின் பெயரைக் கேட்டு அஞ்சித் தடுக்கவேண்டாம், கண்டுங்காணாமல் விட்டுவிடவும் வேண்டாம். அடுத்த விடுமுறை இரவில் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு மகனருகே ஒரு மணி நேரம் அமருங்கள். ஆட்டம் விளங்காவிடினும் குற்றமில்லை. மூன்று வினாக்களை மட்டும் கேளுங்கள்: “கிடைத்ததை எப்படிப் பங்கிட்டுக்கொண்டீர்கள்? உன்னினும் எளியவரைக் கண்டால் என்ன செய்வாய்? எத்தனை மணிக்கு முடிப்பதாய்ச் சொன்னாய்?” இம்மூன்றுக்கும் அவன் முகம் கோணாமல் விடை சொல்வானாகில், ஞாயிற்றுக்கிழமை வகுப்பில் ஒப்பிக்கும் அதிகாரம் அவன் நெஞ்சிலும் இருக்கிறதென்று நம்பலாம். சொல்லத் தயங்கினால், கணினியைப் பூட்டி வைப்பதற்கு முன் பேசவேண்டியது அதைப் பற்றியே. பூட்டைத் திறக்கத் தெரிந்த பிள்ளைக்குப் பூட்டு ஒரு மருந்தாகுமா?