வேலி ஓரத்து நியாயம்



சென்ற திங்கள் வந்த கடிதங்களுள் ஒன்று இன்னும் என் மேசையைவிட்டு அகலவில்லை. பெயரையும் ஊரையும் வெளியிட வேண்டா என்று கேட்டுக்கொண்டு ஒரு தாய் எழுதியிருக்கிறார். அவர்தம் வீட்டிற்கும் அண்டை வீட்டிற்கும் இடையே நாற்பது ஆண்டுகளாகக் கிளுவை வேலி ஒன்று இருந்தது. சென்ற மழைக்காலத்தில் அதன் ஒரு பகுதி சாய்ந்தது. அண்டை வீட்டார் எஞ்சியதையும் வெட்டி அப்புறப்படுத்திவிட்டு, மதில் எழுப்புவதற்காகக் கடைகால் தோண்டத் தொடங்கினர். தோண்டிய கோடு தம் மனைக்குள் ஒன்றரை அடி ஏறி வந்திருப்பதாக இத்தாய் கருதுகிறார். பழைய வேலியே தங்கள் மண்ணுக்குள்தான் நின்றது என்கின்றனர் அவர்கள். விடுமுறையில் வெளிநாட்டிலிருந்து வந்திருக்கும் மகன், வழக்குத் தொடுத்தே தீருவது என்று நிற்கிறான்.

"அந்த வீட்டு அக்காதான் என் தலைப்பிரசவத்தின்போது இரவெல்லாம் என் கையைப் பிடித்துக்கொண்டு இருந்தவர். விட்டுக்கொடுப்போம் என்றால் மகன் என்னைக் கோழை என்கிறான். வழக்குக்குப் போனால் அந்த முகத்தை நான் எப்படிப் பார்ப்பது?" என்று கேட்டுக் கடிதத்தை முடித்திருக்கிறார்.

சகோதரி, உங்கள் வினாவுக்கு விடை கூறுமுன் எங்கள் வீட்டில் நடந்த ஒன்றைச் சொல்ல விரும்புகிறேன்.

எங்கள் வீட்டுக் கொல்லைக்கும் அடுத்த வீட்டுக் கொல்லைக்கும் இடையிலும் கிளுவை வேலிதான் இருந்தது. அடுத்த வீட்டுப் பெரியவரை நாங்கள் பெரியப்பா என்றே அழைப்போம். அவ்வுறவு இரத்தத்தால் வந்ததன்று, வேலியால் வந்தது. வேலியின் நடுவில் ஓர் ஆள் நுழையும் அளவுக்குக் கடவு ஒன்று இருந்தது. குழம்புக் கிண்ணமும், அடுப்பு மூட்ட நெருப்பும், அழுகின்ற கைக்குழந்தையும் அதன் வழியே நாள்தோறும் போய்வரும்.

எனக்குப் பத்து வயதிருக்கும்போது ஓராண்டு வேலி அடைத்தார்கள். பட்டுப்போன இடங்களில் புதிய போத்துகளை நட்டார்கள். அவற்றை ஒரு சாண் தள்ளி நட்டுவிட்டதாகப் பெரியப்பா கூறினார். என் தந்தை ஒரு சொல் சொன்னார். அவர் இரண்டு சொன்னார். மறுநாள் காலையில் கடவு முள்ளால் அடைக்கப்பட்டிருந்தது. யார் அடைத்தார் என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது. அதன்பின் ஆடு வேலியை மேய்ந்தது ஒரு குற்றம். முருங்கை இலை உதிர்ந்தது ஒரு குற்றம். கூரைத் தண்ணீர் விழுந்தது ஒரு குற்றம். இப்படியே பதினோரு ஆண்டுகள் கழிந்தன.

ஒரு நாள் பின்னிரவில் என் தந்தை காலமானார். விடியுமுன் பெரியப்பா வந்தார். கொல்லை வழியாக வந்திருந்தால் இருபது அடி. அவர் தெருவைச் சுற்றிக்கொண்டு வந்து, வாசலில் வெளியூர் ஆட்களோடு நின்றார். உள்ளே வாருங்கள் என்று என் தாய் அழைத்த பிறகே வந்தார்.

இரண்டாண்டுகளுக்குப் பின் எங்கள் பாகப்பிரிவினைக்காக நில அளவர் வந்து சங்கிலி பிடித்தார். வேலி வடகோடியில் ஒரு சாண் அவர்கள் பக்கமும், தென்கோடியில் ஒரு சாண் எங்கள் பக்கமும் விலகியிருந்தது. கூட்டிக் கழித்தால் எவருக்கும் இழப்பில்லை. பெரியப்பா இதைக் கேட்டுச் சிறிது நேரம் பேசாமல் நின்றார். பிறகு, "இதை உன் அப்பன் இருக்கும்போதே அளந்திருக்கலாமே" என்றார். அவ்வளவுதான்.

அந்த ஒரு வாக்கியத்தையே, சகோதரி, உங்களுக்கு முதல் விடையாகத் தருகிறேன். சினத்திற்கும் முன்பாக, விட்டுக்கொடுப்பதற்கும் முன்பாக, அளந்து பாருங்கள்.

உயிர்வேலி என்பது பெயருக்கேற்ப உயிருள்ளது. ஆண்டுதோறும் ஒரு பக்கம் கழித்து மறுபக்கம் வளரவிட்டால் அது நகரும். பட்ட போத்துக்குப் பதிலாக நடுவது பழைய குழியிலேயே அமைவதில்லை. ஆகவே நாற்பது ஆண்டு நின்ற வேலி, நாற்பது ஆண்டுகளுக்கு முன் எல்லை எங்கே இருந்தது என்பதற்கு நம்பத்தக்க சாட்சியன்று. இரு வீட்டாரும் பொய் சொல்லாமலே இருவரும் தவறாக இருக்கக்கூடும்.

பின் எதைச் சாட்சியாகக் கொள்வது? சென்னை மாகாணத்தில் நில அளவை 1858ஆம் ஆண்டு முறையாகத் தொடங்கியது. வயலுக்கு வயல் அளந்து, எண் கொடுத்து, கல் நட்டு, படம் வரைந்தார்கள். அதற்குப் பயன்பட்டது 1620ஆம் ஆண்டில் எட்மண்ட் கன்ட்டர் என்னும் ஆங்கிலக் கணித அறிஞர் வகுத்த 66 அடிச் சங்கிலி. அதில் நூறு கண்ணிகள். ஒரு கண்ணி 7.92 அங்குலம். பத்துச் சதுரச் சங்கிலி ஓர் ஏக்கர். அதாவது, ஒரு சங்கிலி நீளமுள்ள வேலி ஒரு கண்ணி நகர்ந்தால் இழப்பு ஒரு சென்டில் பத்தில் ஒரு பங்கு, ஏறத்தாழ 43½ சதுர அடி. இரண்டு கயிற்றுக் கட்டில் போடும் இடம். எங்கள் வீட்டிலும் பெரியப்பா வீட்டிலும் பதினோரு ஆண்டு உறக்கத்தைக் கெடுத்தது அதற்கும் குறைவான மண்தான்.

புல எண்ணுக்குரிய புலப்படத்தையும், பட்டாவையும், அ-பதிவேட்டையும் இன்று இணையத்தின் வழியாகவே பார்க்கலாம். வீட்டுமனைகளைப் பொறுத்தவரை ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஊர் நத்தத்தில் அமைந்த மனைகள் முற்காலத்தில் தனித்தனியே அளக்கப்பட்டவையல்ல. பின்னாளில் நத்தம் நிலவரித் திட்டத்தின்கீழ் உட்பிரிவு செய்யப்பட்டவை. எனவே உங்கள் மனை நத்தமா, புஞ்சையிலிருந்து பிரித்ததா என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள். மேலும், பட்டா வருவாய்த் துறையின் பதிவேயன்றி அதுமட்டுமே உரிமையை நிலைநாட்டும் ஆவணம் ஆகாது. கிரயப் பத்திரத்தையும், அதற்கு முந்தைய மூலப் பத்திரத்தையும் எடுத்துச் செக்குபந்தியைப் படியுங்கள். பரப்பளவும் நான்கெல்லையும் முரண்பட்டால், நீதிமன்றங்கள் பொதுவாக நான்கெல்லைக்கே முதன்மை தருகின்றன.

அடுத்து, கட்டணம் செலுத்தி எல்லை அளக்க விண்ணப்பியுங்கள். அண்டை நிலத்தாருக்கு முன்னறிவிப்புக் கொடுத்து, அவர்கள் முன்னிலையில்தான் நில அளவர் அளப்பார். அவ்விண்ணப்பத்தை நீங்கள் மட்டும் கொடுக்காமல் இரு வீட்டாரும் சேர்ந்து, செலவையும் பாதி பாதியாக ஏற்றுக் கொடுத்தால் எவ்வளவு நல்லது! ஒருவர் அழைத்து வந்த அளவர் மற்றவர் கண்ணுக்கு எதிரியின் ஆளாகவே தோன்றுவார்.

கல்லை மட்டும் எவரும் தொட வேண்டா. அரசு நட்ட எல்லைக்கல்லை அழிப்பதோ நகர்த்துவதோ 1860ஆம் ஆண்டின் இந்தியத் தண்டனைச் சட்டத்திலேயே ஓராண்டுவரை சிறைக்குரிய குற்றமாக இருந்தது. 2024 ஜூலை முதல் நடைமுறைக்கு வந்துள்ள பாரதிய நியாய சன்ஹிதாவிலும் அவ்வாறே உள்ளது. இதற்கெல்லாம் பல நூற்றாண்டுகள் முன்பே, முன்னோர் நாட்டிய எல்லையை அயலானுக்கு எதிராக மாற்றுகிறவனை மோயீசனின் சட்டம் சபித்தது என்பதை நம் வாசகர்கள் அறிவார்கள்.

இனி உங்கள் மகனுக்கு. தம்பி, உன் சினத்தில் ஒரு நியாயம் உண்டு. பேசாமல் இருப்பதெல்லாம் பொறுமை ஆகிவிடாது. கடைகால் தோண்டும்போது வாய் திறவாமல் இருந்து, மதில் எழுந்து பூச்சும் முடிந்தபின் இடிக்கச் சொன்னால் நீதிமன்றம் தயங்கும். 1963ஆம் ஆண்டின் காலவரையறைச் சட்டப்படி, ஒருவர் வெளிப்படையாகவும் இடையறாமலும் உரிமையாளருக்கு எதிராகவும் பன்னிரண்டு ஆண்டுகள் அனுபவித்த நிலத்தை மீட்கும் உரிமை அழிந்துவிடும். ஆகையால் இன்றே உன் மறுப்பை மரியாதையான சொற்களில் எழுத்து வடிவில் தெரிவித்து, அளக்கும்வரை வேலையை நிறுத்தி வைக்குமாறு கேள். இது பகையன்று.

ஆயின் வழக்கு என்பது வேறு. நீ விடுமுறை முடிந்து விமானம் ஏறிவிடுவாய். வாய்தாவுக்கு வாய்தா நீதிமன்றப் படி ஏறப்போகிறவர் உன் தாய். அங்கேயும் நீதிபதி என்ன செய்வார்? வழக்கறிஞர் ஒருவரை ஆணையராக நியமித்து, நில அளவரோடு அனுப்பி, இடத்தை அளக்கச் சொல்வார். பல ஆண்டுகளுக்குப் பின் செய்ய வேண்டிய அந்த அளவையை இந்த மாதமே செய்துகொள்ளத் தடை என்ன?

அளந்த பிறகும் உடன்பாடு வராவிட்டால் வட்டச் சட்டப்பணிகள் குழுவை அணுகலாம். 1987ஆம் ஆண்டின் சட்டப்பணிகள் ஆணையங்கள் சட்டப்படி, மக்கள் நீதிமன்றத்தில் இரு தரப்பும் இசைந்து பெறும் தீர்வு உரிமையியல் நீதிமன்றத் தீர்ப்புக்கு நிகரானது. அதற்கு மேல்முறையீடு இல்லை. நிலுவையிலுள்ள வழக்கு அங்கே முடிந்தால் செலுத்திய நீதிமன்றக் கட்டணமும் திரும்பக் கிடைக்கும். பெண்களுக்கு, அவர்கள் வருமானம் எதுவாயினும், இலவசச் சட்ட உதவி பெறும் உரிமையும் அச்சட்டத்தில் உண்டு. உங்களைப் போன்ற தாய்மார் பலர் இதை அறியாதிருக்கின்றனர்.

சகோதரி, மீண்டும் உங்களிடம் வருகிறேன். விட்டுக்கொடுப்பது கோழைத்தனமா என்று கேட்டீர்கள். எவ்வளவு என்று அறிந்து, இது என்னுடையது என்று தெரிந்து, மனம் ஒப்பிக் கொடுப்பதே விட்டுக்கொடுத்தல். அளக்க அஞ்சிக் கண்ணை மூடிக்கொள்வது நெஞ்சுக்குள் வழக்கு நடத்துவதேயாகும். அவ்வழக்கிற்குத் தீர்ப்பு நாளே கிடையாது. அளந்து பார்த்து அரை அடி உங்களுடையது என்று கண்டு, அதை அந்த அக்காவுக்காக விட்டுவிட நீங்கள் விரும்பினால் விடுங்கள். ஆனால் மகனையும் இசையவைத்து, முறைப்படி எழுதிப் பதிவு செய்து விடுங்கள். இல்லையேல் உங்கள் பெருந்தன்மை உங்கள் பேரப்பிள்ளைகளுக்குச் சண்டையாகப் போய்ச் சேரும். ஒன்றரை அடியும் உங்களுடையதே, விட இயலாது என்றால், அதையும் அந்த அக்காவின் முகத்தைப் பார்த்தே சொல்லுங்கள். வேறு ஆள் மூலம் சொல்லி அனுப்பும் சொல்லுக்கு வழியில் முள் முளைக்கிறது.

மதில் எழும்போது இன்னும் சிலவற்றையும் பேசி முடித்துக்கொள்வது நலம். மதில் யார் மண்ணில், யார் செலவில்? பொதுச்சுவர் என்றால் எழுத்தில் இருக்கட்டும். கூரைத் தண்ணீர் எந்தப் பக்கம் வடியும்? சாய்ந்து வரும் கிளையை எப்போது, யார் வெட்டுவது? இவற்றை அமைதியாக இருக்கும் நாளில் பேசினால் அரை மணி நேரம் போதும்.

நாளை மாலை, மகனை வீட்டில் இருக்கச் சொல்லிவிட்டு, நீங்கள் மட்டும் போய் வாருங்கள். "அக்கா, சேர்ந்தே அளப்போமா?" என்ற ஒரு கேள்வியை மட்டும் கேளுங்கள். வேலி விழுந்து கிடக்கும் இந்நாளில் தெருவைச் சுற்ற வேண்டியதில்லை. கொல்லை வழியாகவே போகலாம்.

என்ன நடந்தது என்று எழுதுங்கள்; காத்திருக்கிறேன்.