போலீஸ் ஸ்டேஷனா, ஆஸ்பத்திரியா?

வேளச்சேரியில் நாலு பசங்க சேர்ந்து வாடகைக்கு எடுத்த ரூம். அதில் ஒருவனிடம் கஞ்சாப் பொட்டலம் சிக்குகிறது என்று வைத்துக்கொள்வோம். அவன் குற்றவாளி. டாஸ்மாக் வாசலில் விழுந்து கிடப்பவர் மட்டும் 'பாவம், குடிநோயாளி'! 2003-லிருந்து அரசே சில்லறையில் சரக்கு விற்கும் மாநிலம் இது. என்ன நியாயமோ?

1985-ஆம் வருடத்துப் போதைப்பொருள் சட்டத்தின் 27-ஆவது பிரிவுப்படி, கஞ்சா புகைத்தாலே 6 மாதம் வரை சிறை அல்லது 10,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். ஹெராயின், கொக்கெய்ன் என்றால் 1 வருடம், 20,000 ரூபாய் வரை.

வேடிக்கை என்னவென்றால், அதே சட்டத்தில் 64ஏ என்றொரு பிரிவும் இருக்கிறது. போதைக்கு அடிமையாகி வழக்கில் சிக்கியவர், அரசு நடத்தும் அல்லது அங்கீகரித்த இடத்தில் தானாகவே சிகிச்சைக்குச் சேர்ந்தால் தண்டனையிலிருந்து தப்பலாம். நல்ல பிரிவுதான். ஆனால் கதவு திறப்பது வழக்கு விழுந்த பிறகு! சிகிச்சையைப் பாதியில் விட்டால் அந்தச் சலுகையும் பறிபோகலாம். மறுபடி வழுக்கி விழுவது இந்த நோயின் குணம். மாத்திரை போட மறந்த சர்க்கரை நோயாளியை ஜெயிலில் போடுகிறோமா?

"விட்டால் ஊரே கெட்டுப்போகும்" என்பார்கள். போர்ச்சுகல் 2001-லேயே, 10 நாள் அளவுக்குள் சொந்த உபயோகத்துக்கு வைத்திருப்பதைக் குற்றப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டது. பிடிபட்டவர் போவது கோர்ட்டுக்கு அல்ல, ஆலோசனைக் குழுவிடம். விற்பவனுக்கு இன்றும் ஜெயில்தான். அமெரிக்காவின் ஓரிகன் மாநிலமும் 2020-ல் வாக்கெடுப்பு நடத்தி இதைச் செய்தது. ஆனால் சிகிச்சை வசதி வந்து சேரத் தாமதமானது. தெருவில் போதை பெருகுகிறது என்று எதிர்ப்பு கிளம்பி, 2024-ல் பழையபடி குற்றமாக்கிவிட்டார்கள். பாடம் தெளிவு: தண்டனையை எடுத்தால் மட்டும் போதாது, அந்த இடத்தில் மருத்துவரை உட்கார வைக்க வேண்டும்.

வேளச்சேரியில் பறக்கும் ரயில் ஏறினால் நாலாவது ஸ்டேஷன் இந்திரா நகர். அங்கே 1980-ல் தொடங்கிய டி.டி.கே. மருத்துவமனை போதை மீட்பு சிகிச்சை தருகிறது. அந்தப் பையன் முதலில் போகவேண்டிய இடம் அப்படி ஒன்றுதான். எஃப்.ஐ.ஆர். போடுவதற்கு முன்னாலேயே 64ஏ கதவைத் திறந்து வையுங்கள். விற்பவனைப் பிடியுங்கள், விழுந்தவனைத் தூக்கிவிடுங்கள்!