முதல் மலைக்குப் பணம் ஒரு தடையில்லை

மலையேற்றம் என்றதும் நம்மில் பலருக்குக் கினபாலு மலைதான் நினைவுக்கு வருகிறது. 4,095 மீட்டர் உயரம், சபாவுக்கு விமானச் சீட்டு, வழிகாட்டி, மலையில் ஓரிரவுத் தங்கல் என்று கணக்குப் போட்டால் செலவு ஆயிரம் வெள்ளியைத் தாண்டிவிடும். சமூக ஊடகங்களைத் திறந்தாலோ விலை உயர்ந்த காலணி, ஊன்றுகோல், கைக்கடிகாரம் எனப் படம் மேல் படம். "இதெல்லாம் வசதி உள்ளவங்களுக்குத்தான்" என்று சக மாணவர்கள் ஒதுங்கிக்கொள்வதை அடிக்கடி கேட்கிறேன். அந்த எண்ணத்தில் எனக்கு உடன்பாடில்லை. முதல் மலை பக்கத்திலேயே இருக்கிறது. அதற்கு நுழைவுக் கட்டணமும் கிடையாது.

நான் சொல்வது புக்கிட் காசிங். கோலாலம்பூரும் பெட்டாலிங் ஜெயாவும் சந்திக்கும் எல்லையில் நிற்கும் பசுமையான குன்று. பங்சாரில் எல்.ஆர்.டி. ஏறினால் அப்துல்லா ஹுக்கும், கெரிஞ்சி, யுனிவர்சிட்டி ஆகிய நிலையங்களைக் கடந்து நான்காவதாகத் தாமான் ஜெயாவில் இறங்கலாம். பிரிக்பீல்ட்ஸ் மாணவர்கள் கே.எல். சென்ட்ரலில் ஏறினால் ஒரே ஒரு நிலையம் கூடுதல். கிள்ளானில் இருந்து வருபவர்கள் கே.டி.எம். ரயிலில் அப்துல்லா ஹுக்கும் வரை வந்து அங்கே எல்.ஆர்.டி.க்கு மாறிக்கொள்ளலாம். தாமான் ஜெயாவில் இருந்து ஜாலான் தங்கி நுழைவாயிலுக்கு நடந்தும் போகலாம். நான்கு பேர் சேர்ந்து கிராப் எடுத்தாலும் தலைக்குச் சில வெள்ளிதான் வரும்.

சென்ற பருவ விடுமுறையில் நானும் மூன்று தோழிகளும் சென்று வந்தோம். ரயில், கிராப், இறங்கிய பிறகு ரொட்டி சானாய், தே தாரேக் எல்லாம் சேர்த்து ஒருவருக்கு 20 வெள்ளிகூட ஆகவில்லை. 50 வெள்ளிக்கு 30 நாள் ரயிலிலும் பேருந்திலும் பயணம் செய்ய உதவும் 'மை50' அட்டை வைத்திருப்பவர்களுக்குச் செலவு இன்னும் குறைவு. திரையரங்கில் ஒரு படம் பார்த்து பாப்கார்ன் வாங்கும் பணம்தான் இது.

காலணிக்கும் பெரிய தொகை தேவையில்லை. நம் நாட்டு மலையேறிகள் பலர் அணிவது 'அடிடாஸ் கம்போங்' என்று செல்லமாக அழைக்கப்படும் கறுப்பு ரப்பர்ச் சப்பாத்து. அடியில் உள்ள முள் போன்ற பிடிப்பு ஈர மண்ணில் வழுக்காமல் காக்கும்; சேறு பட்டால் கழுவிக் காயவைத்துவிடலாம். இந்தச் சப்பாத்து முதலில் யாருடையது? ரப்பர்த் தோட்டங்களில் மரம் வெட்டியவர்களுடையது. விடியும் முன்பே பெரட்டுக்குப் போய், பால்வாளியோடு மேடு பள்ளம் ஏறி இறங்கிய நம் தாத்தா பாட்டிகளின் உலகம் அது. இன்று உணவகங்களும் கொண்டோமினியங்களும் நிறைந்த பங்சாரே ஒரு காலத்தில் ரப்பர்த் தோட்டம்தான். புக்கிட் காசிங்கிலும் பழைய ரப்பர் மரங்களை இன்றும் காணலாம். மேடு ஏறுவது நமக்குப் புதிய பழக்கம் என்று யாராவது சொன்னால் எனக்குச் சிரிப்புத்தான் வருகிறது. தைப்பூசத்தன்று பத்துமலையின் 272 படிகளை வெறுங்காலுடன் ஏறுகிற கூட்டம் நம்முடையதுதானே!

அந்தப் பழக்கம் ஆண்டுக்கு ஒரு நாளோடு நின்றுவிடுவதுதான் என் கவலை. 2023ஆம் ஆண்டின் தேசியச் சுகாதார ஆய்வின்படி மலேசியாவில் பெரியவர்களில் 54.4 விழுக்காட்டினர் அதிக எடை அல்லது உடற்பருமன் உள்ளவர்கள், 15.6 விழுக்காட்டினருக்கு நீரிழிவு. இன வாரியாகப் பார்த்தால் இந்தியர்களிடையேதான் நீரிழிவு அதிகம். தாத்தாவுக்கு ஊசி, அப்பாவுக்கு மாத்திரை என்ற வரிசையில் அடுத்து நிற்பது நாம். உடற்பயிற்சிக் கூடத்தின் மாதக் கட்டணத்தைக் கட்ட முடியாத மாணவனுக்கும் குன்று திறந்தே இருக்கிறது.

"காட்டுக்குள்ள பொம்பளப் பிள்ளைங்களுக்கு என்ன வேலை?" என்று என் அம்மாவும் கேட்டார். அந்தப் பயத்தைக் கேலி செய்யக் கூடாது. அதற்குப் பதில் சொல்ல வேண்டும். யாருடன் போகிறோம், எந்தப் பாதை, எத்தனை மணிக்குத் திரும்புவோம் என்று எழுதிக் கொடுத்தேன். வார இறுதிக் காலையில் குடும்பங்களும் முதியவர்களும் நடக்கும் இடம் என்பதையும், குன்றின் மேல் சிவன் கோயில் இருப்பதையும் சொன்னேன். அம்மா சம்மதித்தார். அடுத்த முறை தானும் வருவதாகச் சொல்லியிருக்கிறார்.

செலவைக் குறைக்கலாம், பாதுகாப்பைக் குறைக்கக் கூடாது. தனியாகப் போகாதீர்கள். காலை ஏழு மணிக்கே நடக்கத் தொடங்கி, நண்பகலுக்கு முன் இறங்கிவிடுங்கள். கிள்ளான் பள்ளத்தாக்கில் இடியும் மழையும் பெரும்பாலும் பிற்பகலில்தான் வரும். ஆளுக்கு ஒன்றரை லிட்டர் தண்ணீர், முழு மின்னூட்டத்துடன் கைப்பேசி, ஒரு மழைச்சட்டை போதும். குரங்குகளுக்குத் தீனி போடாதீர்கள். பாதை பிரியும் இடங்களில் படம் எடுத்து வைத்துக்கொண்டால் திரும்புவது எளிது. கொண்டுபோன பிளாஸ்டிக்கைக் கையோடு கொண்டு வாருங்கள்.

இதில் கால் பழகிய பிறகு செமினியில் உள்ள சுமார் 400 மீட்டர் உயர புரோகா குன்றுக்குப் போகலாம். 1,493 மீட்டர் உயர குனோங் நுவாங் பல மாதப் பயிற்சிக்குப் பிறகுதான். படத்தில் அழகாகத் தெரிகிறது என்பதற்காக முதல் பயணத்திலேயே புக்கிட் தாபூரின் செங்குத்தான பாறை முகட்டில் ஏறாதீர்கள். அங்கே தவறி விழுந்து உயிரிழந்தவர்கள் உண்டு. வனக் காப்புப் பகுதிகளில் ஏற வனத்துறையின் அனுமதி தேவையா என்பதையும் முன்கூட்டியே விசாரித்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்றையும் யோசியுங்கள். புக்கிட் காசிங்கின் கோலாலம்பூர்ப் பக்கத்தில் வீடமைப்புத் திட்டம் வந்தபோது, சுற்றுவட்டாரக் குடியிருப்பாளர்கள் அதை எதிர்த்து நீதிமன்றம் வரை சென்றார்கள். அவர்களுக்கு அந்தக் குன்று தெரியும், அதனால் பேசினார்கள். நாம் ஒருமுறைகூடக் கால் வைக்காத காட்டுக்காக நாளை யார் குரல் கொடுப்பது?

ஆகவே நண்பர்களே, கினபாலுவுக்குப் பணம் சேரும்வரை காத்திருக்க வேண்டாம். மூன்று பேரைச் சேருங்கள், வீட்டில் சொல்லுங்கள், அடுத்த சனிக்கிழமை காலை தாமான் ஜெயாவில் இறங்குங்கள்.