வெப்பத்தில் மெலியும் முட்டை ஓடு: காடை வளர்ப்போரின் கணக்கில் வராத இழப்பு

வெயில் உச்சமடையும் மார்ச், ஏப்ரல் மாதங்களில் வளிமண்டலவியல் திணைக்களம் வெப்ப எச்சரிக்கை விடுக்கிறது. நீர் அருந்துங்கள், நிழலில் ஓய்வெடுங்கள் என்ற அறிவுறுத்தல்கள் மனிதருக்கானவை. தகரக் கொட்டிலில் அடைபட்டிருக்கும் காடைக்கு நிழலைத் தேடிப் போக வழியில்லை.

காடையின் இயல்பான உடல் வெப்பநிலையே 41 முதல் 42 பாகை செல்சியஸ். அதற்கு வியர்வைச் சுரப்பிகள் இல்லை. கொட்டில் சூடேறும்போது அலகைத் திறந்து மூச்சிரைத்தே உடலைத் தணிக்கிறது.

சிக்கல் அங்குதான் தொடங்குகிறது. மூச்சிரைக்கும்போது குருதியிலுள்ள காபனீரொட்சைட்டு அளவுக்கு மீறி வெளியேறி, குருதியின் காரத்தன்மை கூடுகிறது. இதனால் முட்டை ஓட்டுக்குத் தேவையான காபனேற்றும் கல்சியமும் போதியளவு கிடைப்பதில்லை. ஓடு மெலிகிறது. கோழி பெரும்பாலும் காலையில் முட்டையிடும். காடையோ பிற்பகலிலும் மாலையிலும். ஆகவே அதன் ஓடு முற்றும் கடைசி மணித்தியாலங்கள் உச்சி வெயிலில் அகப்பட்டுக்கொள்கின்றன.

வெப்பத்தை வெளியேற்றக் குருதி தோலை நோக்கிப் பாய்வதால் குடலுக்கான குருதியோட்டம் குறைகிறது. குடற்சுவர் பலவீனமாகிக் கிருமிகள் உட்புக இடமேற்படுகிறது. பறவை தீன் எடுப்பதும் குறைகிறது. அழுத்தத்தின்போது சுரக்கும் கோட்டிகோஸ்டிரோன் என்ற ஓமோன் நோயெதிர்ப்புச் சக்தியைத் தளர்த்துகிறது.

பறவைகள் செத்து விழுந்தால்தான் இழப்பு எனக் கருதுகிறோம். ஆனால் சுயதொழிலாகக் காடை வளர்க்கும் குடும்பத்தின் வருமானம் அதற்கு முன்பே, வெடித்த முட்டைகளிலும் எடை கூடாத பறவைகளிலும் கரைந்துவிடுகிறது. இந்த இழப்புக்கு யார் கணக்கு வைப்பது?

மின்விசிறி மட்டும் தீர்வாகாது. 2025 பெப்ரவரி 9ஆம் திகதி நாடு முழுவதும் மின்சாரம் தடைப்பட்டதை மறந்துவிட முடியாது. தகரத்தின் மேல் கிடுகு வேய்தல், பறவைகளை நெருக்கி அடைக்காதிருத்தல், அதிகாலையிலும் மாலையிலும் தீன் வைத்தல், எந்நேரமும் குளிர்ந்த நீர் கிடைக்கச் செய்தல் என்பன மின்சாரம் தேவைப்படாத வழிகள். காற்றோட்டமற்ற கொட்டிலில் நீர் தெளித்தால் ஈரப்பதன் கூடி, மூச்சிரைப்பினால் கிடைக்கும் தணிவும் இல்லாமற்போகும்.

இவை பெருஞ்செலவு பிடிக்கும் காரியங்கள் அல்ல. உரிய நேரத்தில் தெரிந்திருக்க வேண்டியவை. மனிதருக்கான வெப்ப எச்சரிக்கை வெளியாகும் நாளிலேயே, கால்நடை வைத்திய அலுவலகங்கள் ஊடாகப் பறவை வளர்ப்போருக்கும் ஓர் எச்சரிக்கை சென்றடைய வேண்டும். பறவைகள் செத்த பின்னர் வரும் ஆலோசனையால் எவருக்கும் பயனில்லை.