நிற்கும்போது நின்றுவிடும் கார்

ஓடும்போது சமர்த்தாக ஓடிவிட்டு, சிவப்பு விளக்குக்காக நிறுத்தியதும் ஒரு குலுக்கலோடு பிராணனை விட்டுவிடும் பழைய கார் உங்கள் வீட்டில் இருக்கிறதா? இருந்தால், இந்த வாரப் பேச்சு உங்களோடுதான். இல்லாவிட்டாலும் படித்து வையுங்கள். உங்கள் மைத்துனர் வீட்டில் நிச்சயம் ஒன்று இருக்கும்!

எங்கள் வீட்டில் இருப்பது 1994-ஆம் வருஷத்து மாருதி 800. மூன்றே சிலிண்டர், 796 சி.சி. எஞ்சின். இந்த ரகக் கார் 1983 டிசம்பரில் முதன்முதலாகத் தெருவுக்கு வந்தது. 2014 ஜனவரியில் தயாரிப்பு நின்றது. இடையிலே எத்தனையோ நடுத்தரக் குடும்பங்கள், மழை நாளில் பட்டுப் புடவை நனையாமல் கல்யாணத்துக்குப் போய் வந்தது அதில்தான். எங்கள் காரை அப்பா முப்பது வருஷம் ஓட்டினார். வேறு யாரையும் தொட விட்டதில்லை. போன வருஷம் பக்கவாதம் வந்து, வலது கால் சொன்ன பேச்சைக் கேட்காமல் போன பிறகு சாவி என் கைக்கு வந்தது. வாரத்தில் இரண்டு நாள் அவரைச் சிகிச்சைக்கு அழைத்துப் போக வேண்டும். வாடகைக் காரில் ஏற மாட்டார். "நம்ம வண்டி இருக்கும்போது அது எதுக்கு?" என்பார்.

ஒரு நாள் மயிலாப்பூர் லஸ் முனையில் விளக்கு சிவப்பாயிற்று. நிறுத்தினேன். வண்டியும் நின்றது, எஞ்சினும் நின்றது. சாவியைத் திருப்பினேன். கிளம்பியது. காலை எடுத்தேன். மறுபடி நின்றது. இதற்குள் விளக்கு பச்சையாகி, பின்னாலே ஹாரன் கச்சேரி ஆரம்பித்துவிட்டது. ஸ்கூட்டர்காரர் ஒருவர், பெண்கள் கார் ஓட்டுவதைப் பற்றித் தமது அபிப்பிராயத்தை உரக்கச் சொல்லிவிட்டுப் போனார். அதுகூட எனக்கு உறைக்கவில்லை. பக்கத்திலிருந்து அப்பா சொன்னதுதான் உறைத்தது.

"கிளச்சை இப்படியா விடறது? என் கையிலே ஒரு நாளாவது நின்னிருக்கா?"

வாஸ்தவம், நின்றதில்லை. அன்றைக்கு ராத்திரி பெங்களூரிலிருந்து தம்பி போன் செய்தான். "அதைக் காயலான் கடையில போட்டுடுக்கா. அப்பா நாலு நாள் முகத்தைத் தூக்கி வச்சுப்பார். அப்புறம் சரியாயிடும்" என்றான். நானும் பாதி மனசாகச் சம்மதித்துவிட்டேன். கோளாறு காரிலா, என்னிடமா என்பதுதான் எனக்கே தெரியவில்லையே!

அதைக் கண்டுபிடிக்க ஒரு சுலபமான வழி இருக்கிறது. சகோதரிகளே, இதை மட்டும் மறக்காமல் வைத்துக்கொள்ளுங்கள். கியரில் போட்டு, கிளச்சை விட்டுக் கிளப்பும் அந்த நொடியில் எஞ்சின் நின்றால், அது பெரும்பாலும் ஓட்டுகிறவர் காலின் பிசகு. கியர் நியூட்ரலில் இருக்க, கிளச்சில் கால் இல்லாமல், சும்மா இருக்கும்போதே நின்றால் அது காரின் நோய். அதில் உங்கள் பங்கு ஒன்றுமே இல்லை. மறுநாள் வாசலில் வண்டியை நியூட்ரலில் கிளப்பிவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு வெளியே நின்று பார்த்தேன். ஒரு நிமிஷம் நடுங்கியது. பிறகு தானாகவே நின்றது. எனக்கு அழுகையும் வந்தது, சிரிப்பும் வந்தது.

முதலில் பார்த்த மெக்கானிக் ஐந்தே நிமிஷத்தில் ஒரு ஸ்க்ரூவைத் திருப்பினார். எஞ்சின் 'ஓ'வென்று இரைந்தது, நிற்கவில்லை. "இனி ஆஃப் ஆகாது" என்றார். ஒரு வாரம் ஆகவில்லை. ஆனால் பெட்ரோல் தண்ணீராகச் செலவழிந்தது. சிக்னலில் பிரேக்கை எடுத்தால் போதும், கிளச்சை விடும்போதெல்லாம் வண்டி முன்னால் பாய்ந்தது. எட்டாம் நாள் பழையபடி நின்றது. இரண்டாவது மெக்கானிக் கார்புரேட்டரையே மாற்ற வேண்டும் என்றார். 11,000 ரூபாய்!

மூன்றாவதாகப் போனது புதுப்பேட்டைக்குப் பக்கத்துச் சந்தில் பட்டறை வைத்திருக்கும் ஒரு பெரியவரிடம். எல்லோரும் 'பாய்' என்றுதான் கூப்பிடுகிறார்கள். அவர் பானெட்டைத் திறக்கவே இல்லை. ஸ்டூலைக் காட்டி, "உக்காரும்மா. எப்ப நிக்குதுன்னு சொல்லு" என்றார். நாடி பார்க்கும் வைத்தியர் மாதிரி கேள்வி கேட்டார்.

அவர் கேள்விகளைச் சொல்லுமுன், எஞ்சின் சும்மா ஓடுவது எப்படி என்று ஒரு வார்த்தை. உங்கள் அடுப்பை நினைத்துக்கொள்ளுங்கள். ஜ்வாலை பெரிதாக எரியும்போது ஜன்னல் காற்று வந்தாலும் கவலையில்லை. பால் வைத்துவிட்டு 'சிம்'மில் குறைத்தால்? லேசான காற்று போதும், பர்னர் துளையில் ஒரு துளி அழுக்குப் போதும், அணைந்துவிடும். ஐடிலிங் என்பது எஞ்சினின் சிம். வேகமாகப் போகும்போது பெட்ரோல் பெரிய துளை வழியாக வருகிறது. ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்தால் அந்த வழி அடங்கிவிடும். ஏறக்குறைய அரை மில்லிமீட்டர் அகலமுள்ள ஒரு சின்ன ஜெட் வழியாக வருவதுதான் எஞ்சினுக்கு ஆகாரம். நிமிஷத்துக்கு 800, 900 சுற்று சுற்ற அது போதும். ஆனால் அளவு கொஞ்சம் பிசகினாலும் போதாது. ஆகையால்தான் சாலையில் தெரியாத சின்னக் கோளாறெல்லாம் சிக்னலில் தெரிகிறது.

இனி பாய் கேட்டவை:

"காலையில பச்சை எஞ்சின்ல நிக்குதா, சூடானப்புறமா?" குளிர்ந்திருக்கும்போது மட்டும் நின்றால் சோக்கைப் பார்க்க வேண்டும். சூடான பிறகு நின்று, பெட்ரோல் வாசனையும் கரும்புகையும் வந்தால், சோக் முழுக்கத் திறக்கவில்லை, அல்லது கார்புரேட்டரில் பெட்ரோல் அளவு மீறி நிரம்புகிறது.

"வேகத்துலயும் திக்குதா, சும்மா நிக்கறப்ப மட்டுமா?" வேகத்திலும் திக்கினால் பெட்ரோல் பம்பு, பிளக், பாயிண்ட் என்று தேட வேண்டும். நிற்கும்போது மட்டும் என்றால் கோளாறு சின்ன ஜெட்டிலோ, வேண்டாத வழியில் நுழையும் காற்றிலோ இருக்கலாம். பல கார்புரேட்டர்களில் அந்தச் சின்ன வழியைத் திறந்து மூட ஒரு மின்சார வால்வு உண்டு. அதன் ஒயர் கழன்றிருந்தாலும் இதே கதைதான்.

"ஹெட்லைட் போட்டா நிக்குதா?" ஆமென்றால் பாட்டரியையும் சார்ஜையும் பார்க்க வேண்டும்.

"பிரேக்கை மிதிச்சா நிக்குதா?" வாக்குவம் உதவியுள்ள பிரேக்கில் எங்காவது காற்று கசிந்தால், மிதிக்கும்போது எஞ்சின் அடங்கும். இது அலட்சியம் செய்யக்கூடாத விஷயம். எஞ்சின் நின்றபின் இரண்டு மூன்று மிதிக்கு மேல் அந்த பிரேக் கல்லாகக் கனத்துவிடும்.

என் பதில்களைக் கேட்டுவிட்டு எஞ்சினைக் கிளப்பச் சொன்னார். சூடாகி நடுங்க ஆரம்பித்தது. "சோக்கைக் கால்வாசி இழும்மா" என்றார். இழுத்தேன். நடுக்கம் நின்று எஞ்சின் நிதானப்பட்டது. பாய் முகத்தில் புன்சிரிப்பு. "பசியில இருக்கு. சாப்பாடு பத்தலை" என்றார். இது செலவே இல்லாத சோதனை. சூடான எஞ்சின் சோக் இழுத்ததும் தேறினால், பெட்ரோல் குறைவு, அல்லது காற்று அதிகம். சோக் இழுத்ததும் இன்னும் மோசமானால், பெட்ரோல்தான் அதிகம். ஏர் பில்டர் அடைத்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

சின்ன ஜெட்டைக் கழற்றி வானத்துக்கு நேரே பிடித்தார். ஊசிக் காதில் நூல் கோக்கும் பாவனையில் நானும் எட்டிப் பார்த்தேன். வெளிச்சம் தெரியவில்லை. கம்பியால் குத்தாமல் (குத்தினால் துளை பெரிதாகிவிடுமாம்) காற்றால் ஊதிச் சுத்தம் செய்து மாட்டினார். நடுக்கம் பாதி குறைந்தது. மீதிப் பாதி?

எண்ணெய்க் குப்பியை எடுத்து, கார்புரேட்டர் எஞ்சினோடு சேரும் விளிம்பைச் சுற்றி ஒவ்வொரு சொட்டாக விட்டார். ஒரு மூலையில் சொட்டு விழுந்ததும் எஞ்சினின் குரல் மாறியது. எண்ணெய் உள்ளே இழுபட்டது. காற்று நுழையும் திருட்டு வழி அதுதான். கழற்றிப் பார்த்தால், விளிம்பு லேசாக வளைந்திருந்தது. "யாரோ பலமா முடுக்கியிருக்காங்க. இறுக்கினா கசியாதுன்னு நெனப்பு. இறுக்கித்தான் வளைஞ்சிருக்கு" என்றார். கண்ணாடிப் பலகையின் மேல் உப்புத்தாளை வைத்து, விளிம்பைச் சமமாகும்வரை தேய்த்தார். புதுக் கேஸ்கெட் போட்டார். கடைசியில், முதல் மெக்கானிக் ஏற்றி வைத்த ஸ்க்ரூவைப் பழைய இடத்துக்கு இறக்கினார். காய்ச்சலுக்குக் காரணம் தேடாமல் காய்ச்சல்கோலை ஒளித்து வைத்த வேலை அது! மொத்தச் செலவு 650 ரூபாய்.

ஜெட் ஏன் அடைத்தது? அப்பா படுத்திருந்த ஐந்து மாதம் வண்டி அசையவில்லை. பெட்ரோல் வற்றி மண்டி கட்டிவிட்டது. இன்னொன்றும் உண்டு. 2025-இல் நம் நாட்டுப் பெட்ரோலில் எத்தனால் கலப்பு 20 சதவீதத்தை எட்டியது. எத்தனால் ஈரத்தை இழுக்கும். பழைய காலத்து ரப்பர் குழாய்களை நாளடைவில் கெடுக்கும். பழைய அளவில் அமைத்த கார்புரேட்டருக்குக் கலவையைச் சற்று மெலியவும் செய்யும். ஆகவே பழைய வண்டியை வாரம் ஒரு முறையாவது நன்றாகச் சூடாகும்வரை ஓட்டுங்கள். ரப்பர் குழாய்களில் வெடிப்பு இருந்தால் மாற்றிவிடுங்கள்.

உங்கள் காரில் கார்புரேட்டரே இல்லை, பெட்ரோல் பீய்ச்சும் இஞ்செக்‌ஷன் முறை என்றால், ஜெட்டுக்குப் பதில் த்ராட்டில் வாயில் படியும் கரியையும், ஐடிலிங்குக் காற்றை அளந்துவிடும் வால்வையும் முதலில் சுத்தம் செய்யச் சொல்லுங்கள். கேள்விகள் என்னவோ பெரும்பாலும் அதேதான்.

நீங்களே பானெட்டைத் திறந்து பார்ப்பதானால் சில எச்சரிக்கைகள். ஹேண்ட் பிரேக் போடுங்கள். முந்தானையையும் பின்னலையும் செருகிக்கொள்ளுங்கள். விசிறி சில வண்டிகளில் நினைத்த நேரத்தில் தானாகவே சுழலத் தொடங்கும். பெட்ரோல் வாசனை வந்தால் எஞ்சினை உடனே நிறுத்துங்கள். மூடிய ஷெட்டுக்குள் எஞ்சினை ஓடவிடாதீர்கள்; அந்தப் புகையிலுள்ள கார்பன் மோனாக்ஸைடு வாசனையே இல்லாமல் ஆளைக் கொல்லும்.

தம்பிக்குப் போன் செய்து, காயலான் கடை விலாசத்தை அவனே பத்திரமாக வைத்துக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டேன்.

அடுத்த செவ்வாய்க்கிழமை மறுபடி லஸ் முனை. மறுபடி சிவப்பு விளக்கு. எஞ்சின் முணுமுணுவென்று ஜபம் செய்துகொண்டிருந்தது. அப்பா இடது கையை டாஷ்போர்டின் மேல் வைத்து, நடுக்கம் இருக்கிறதா என்று பார்த்தார். இல்லை. விளக்கு பச்சையாயிற்று. கிளம்பினோம். பீமசேன கார்டன் தெரு தாண்டும்வரை ஒன்றும் பேசவில்லை. பிறகு சொன்னார்:

"கிளச் இப்போ பரவாயில்லாம விடறே."

நான் மறுத்துப் பேசவில்லை.