கழிவு யந்திரங்களைக் கைவிடலாமோ?

சிறு துரும்பும் பல் குத்த உதவும் என்பது நம் நாட்டார் யாவரும் அறிந்த பழமொழி. அறிந்திருந்தும், கணினிகளின் விஷயத்தில் மட்டும் நாம் அதனை மறந்து விடுகின்றோம். அம்மறதியால் நம் மாணாக்கர் இழப்பது யாது என்பதை எடுத்துரைப்பதே இவ்வியாசத்தின் நோக்கமாம்.

கூவம் ஆறு வளைந்து செல்லும் சிந்தாதிரிப்பேட்டை, 1734-ஆம் ஆண்டில், கவர்னர் மார்ட்டன் பிட் என்பார் காலத்தில், கிழக்கிந்தியக் கம்பெனிக்குத் துணி நெய்வோர் குடியேறும் பொருட்டு அமைக்கப்பெற்றது. சின்னத் தறிப்பேட்டை என்பதே இவ்வாறு மருவிற்று என்பர். இன்றோ அப்பேட்டையை ஒட்டிய ரிச்சி தெருவிலும் அதன் சந்துகளிலும் கணினிகளும் அவற்றின் உறுப்புக்களுமே மலிந்து கிடக்கின்றன. அவற்றினிடையே, அலுவலகங்கள் கழித்துவிட்ட ‘தின் கிளையண்ட்’ என்னும் சிறு பெட்டிகளையும் காணலாம். அவற்றுட் பலவற்றிற்குச் சுழலும் வட்டு இல்லை, விசிறியும் இல்லை, மின்சாரச் செலவோ மிகக் குறைவு. இவற்றை எடைக்குப் போடுவதே முறை என்று பலர் எண்ணுகின்றனர். அது முறையன்று என்பது எனது துணிபு.

தறி நெய்வோன் வீட்டில் இருக்கும். நூல் வெளியிலிருந்து வரும். இப்பெட்டிகளின் இயல்பும் அத்தகையதே. பொத்தானை அழுத்தியதும், பெட்டியானது ‘எனக்கு ஒரு முகவரி தருவார் உளரோ?’ என்று வலையமைப்பிற் கேட்கும். டி.எச்.சி.பி. என்னும் ஏவலன் முகவரியையும், துவக்கக் கோப்பு இருக்குமிடத்தையும் அறிவிப்பான். பின்னர் டி.எஃப்.டி.பி. என்னும் எளிய முறையால் லினக்ஸ் கெர்னல் வந்திறங்கும். எஞ்சிய கோப்புக்களைத் தாய்க் கணினியே வழங்கும். இன்டெல் நிறுவனம் 1999-இல் வெளியிட்ட பி.எக்ஸ்.இ. விதிகளின் 2.1-ஆம் பதிப்பே இதற்கு ஆதாரம். அதே ஆண்டில் தோன்றிய எல்.டி.எஸ்.பி. என்னும் இலவச மென்பொருள் இவ்வேலைகளை ஒருங்கே அமைத்துத் தருகின்றது; 2019-இல் அது முற்றிலும் புதிதாக எழுதப்பெற்றது.

யானும் மாணாக்கர் சிலரும் இதனைச் சோதித்தோம். முதற் பெட்டி, முகவரி கிடைத்திலது என்று கூறி நின்றுவிட்டது. பெட்டி பழுது என்றே கருதினோம். இரண்டு மாலைகள் கழிந்த பின்னரே உண்மை புலனாயிற்று. வலையமைப்பு ஸ்விட்ச், புதிதாக இணைந்த கம்பியைச் சுற்றுவழி உண்டோ என்று ஆராய்ந்து 30 விநாடி தடுத்து வைத்திருந்தது. பெட்டியோ அதற்குள் பொறுமை இழந்தது. ஸ்விட்சில் ஒரே அமைப்பை மாற்றினோம். திரையில் லினக்ஸ் எழுந்தது. குற்றம் ஓரிடத்தும் பழி வேறிடத்தும் இருத்தல் உலகியல்பன்றோ! இப்பாடத்தை எந்தப் புத்தகம் இவ்வளவு தெளிவாகப் போதிக்கும்?

இதற்குத் தடை கூறுவாரும் உளர். ‘பழையன பயன்படா, புதியன வாங்குக’ என்பர். அவர் கூற்றில் ஓரளவு உண்மை உண்டு. டெபியன் லினக்ஸின் 12-ஆம் பதிப்பு 2023-இல் வெளிவந்தபோது, ஏ.எம்.டி. ஜியோட் எல்.எக்ஸ். போன்ற பழைய செயலிகள் கைவிடப்பட்டன. 2025 ஆகஸ்டில் வெளிவந்த 13-ஆம் பதிப்பில், 32 பிட் இன்டெல் வகைக் கணினிகளுக்குக் கெர்னலே வழங்கப்படவில்லை. ஆதலின் கண்டதையெல்லாம் வாங்குதல் கூடாது. 64 பிட் செயலி உடையவற்றையே தெரிந்தெடுத்தல் வேண்டும். நினைவகம் குறைந்த பெட்டியில் இக்காலத்து இணைய உலாவியை ஓட்டுதலும் வீண் முயற்சியே. அத்தகையவற்றிற்கு வேலை முழுவதையும் தாய்க் கணினியிற் செய்து, காட்சியை மட்டும் பெட்டிக்கு அனுப்புவதே தகும்.

இன்னுமொன்று. தாய்க் கணினி நின்றால் அறை முழுவதும் நிற்கும். பி.எக்ஸ்.இ. முறையோ, தனக்கு விடையளிப்பவன் உரியவன்தானா என்று பொதுவாக வினவுவதில்லை. ஆகவே மாற்றுத் தாய்க் கணினி ஒன்றும், இவற்றிற்கெனத் தனி வலையமைப்பும் இன்றியமையாதன. இவற்றை மறைத்துச் சிக்கனம் பேசுதல் நேர்மையாகாது.

ஆயினும், இத்தனை தடைகளையும் எண்ணிப் பார்த்த பின்னரும் என் கருத்து மாறவில்லை. வீட்டிற் கணினி இல்லாத மாணாக்கன், ஆய்வுக்கூடத்தில் தன் முறை வருமென்று வாயிலிற் காத்திருப்பதை நாம் காண்கின்றோம். ஒரு நல்ல தாய்க் கணினியும், கழிவெனப்பட்ட இருபது பெட்டிகளும் அவனுக்கு ஓர் ஆசனம் அளிக்குமாயின், அவற்றைக் கழிவு என்பது எங்ஙனம் பொருந்தும்? விண்டோஸ் 10-க்கு அளிக்கப்பட்ட பொது ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் நாளோடு முடிவுற்றது. அதனாற் கழிக்கப்படும் கணினிகள் இன்னும் பல வரக்கூடும். அவற்றிற்கும் இம்முறை பொருந்துவதே.

ஆசனத்தினும் பெரிது அறிவு. ஆயத்தமாக வந்திறங்கும் கணினியை இயக்குவோன் அதன் உபயோகிப்பாளன் ஆவான்; இறந்ததென்று விடப்பட்ட பெட்டியை எழுப்புவோனோ அதன் உள்ளியல்பை உணர்வான். ஆதலால், வரும் விடுமுறையில் மாணாக்கர் சிலர் கூடி ஓர் அறையையேனும் இவ்வாறு அமைக்க முன்வருவாராக. பழைய மாணவர்கள், தம் அலுவலகங்கள் கழிக்கும் பெட்டிகளை எடைக்காரனிடம் விடுமுன் நம் கலாசாலையை ஒருமுறை நினைப்பாராக. தறி சும்மா கிடக்கின்றது. நூல் கொடுப்பதே நம் கடன்.